கடாரத்தைத் தேடிய வழிகள்: ஆய்வுக்கு ஏற்ற அணுகுமுறையைத் தேர்ந்தெடுத்தல்



கடந்த பள்ளி விடுமுறையில், முன்பு என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர் இல்லம் வந்திருந்தார். இப்பொழுது அவர் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிப் பக்கத்தில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கிறார். வேலை செய்துகொண்டே பகுதி நேரமாக முதுகலைப் பட்டத்திற்கும் படித்து வருகிறார். அவர் கையில் ஓர் ஆய்வு முன்மொழிவு இருந்தது. 'கடாரத்தில் சோழர் ஆட்சி' என்பது தலைப்பு. முதற்பக்கத்தின் ஓரத்தில் மேற்பார்வையாளர் சிவப்பு மையால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'உங்கள் அணுகுமுறை என்ன?'

முன்மொழிவு இரண்டாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. மூன்றாம் முறையும் திரும்பினால் படிப்பையே கைவிட்டுவிடும் மனநிலையில் அவர் இருந்தார்.

"ஐயா, பண்புசார் ஆய்வு என்று எழுதட்டுமா, அளவுசார் ஆய்வு என்று எழுதட்டுமா?" என்று கேட்டார்.

இக்கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆய்வு நெறி நூல்களில் வகைகள் வரிசையாகத் தரப்பட்டிருப்பதால், பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்வதே அணுகுமுறை என்று நம் ஆசிரியர்கள் பலர் எண்ணிவிடுகின்றனர். அணுகுமுறை என்பது ஒரு பெயர்ப்பலகை அன்று. நாம் எழுப்பும் வினா எது, அவ்வினாவுக்கு விடை தரக்கூடிய சான்று எது, அச்சான்றை எவ்வாறு விசாரித்தால் அது உண்மையைச் சொல்லும் என்ற மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதே அணுகுமுறை. இதனை விளக்க அவர் எடுத்துக்கொண்ட கடாரத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. கடாரம் எங்கே, அங்கே என்ன நடந்தது என்று அறிஞர்கள் தேடிய வரலாறே, அணுகுமுறைகள் தோற்ற வரலாறும் வென்ற வரலாறும் ஆகும். அன்று அவரிடம் கூறியவற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

1. பெயரின் ஒலியை நம்பிய வழி

முதலாம் இராசேந்திர சோழனின் கடல் கடந்த படையெடுப்பை விரிவாகக் கூறும் சான்று அவனுடைய மெய்க்கீர்த்தி. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள, 1030ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு அதனைத் தெளிவாகத் தருகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மானக்கவாரம், கடாரம் என 13 இடங்கள் அதில் வரிசையாக வருகின்றன. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதும் அவனுடைய செல்வங்கள் கைப்பற்றப்பட்டதும் கூறப்படுகின்றன.

இவ்விடங்கள் எங்கே இருந்தன என்பதைக் கல்வெட்டுக் கூறவில்லை. எனவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனைப் பதிப்பித்த அறிஞர் ஹுல்ட்ஷ், கடாரத்தை முதலில் தமிழகத்திலேயே தேடினார். இராமநாதபுரம் பகுதியில் கிடாரம் என்ற பெயரில் ஓர் ஊர் இருந்ததே காரணம். அடுத்து, கனகசபைப் பிள்ளை முதலியோர் பர்மாவை நோக்கினர். மாப்பப்பாளம் என்ற பெயரை ஒத்த ஒரு துறைமுகம் இலங்கையின் மகாவம்ச மரபில் பர்மாவோடு சேர்த்துப் பேசப்படுவது அவர்களுக்குச் சான்றாயிற்று. பர்மாவின் பெகு நகருக்கு அருகே இருந்த கற்றூண்கள் இராசேந்திரனின் வெற்றித் தூண்கள் என்றும் ஒரு காலத்தில் கருதப்பட்டன. பிற்காலத்தில் இக்கருத்துகள் யாவும் கைவிடப்பட்டன.

இவர்கள் கல்வியில் குறைந்தவர்கள் அல்லர். கல்வெட்டைப் பிழையறப் படித்தவர்கள். ஆயினும், பெயர் ஒன்றுபோல் ஒலித்தால் இடமும் ஒன்றே என்ற அணுகுமுறை அவர்களை வழிதவறச் செய்தது. தமிழில் கடாரம் என்பது பெரிய கொப்பரையைக் குறிக்கும் சொல். வடமொழியில் கடாகம் என்பதற்கும் அதே பொருள் உண்டு. இத்தகைய பொதுச்சொல்லை ஒத்த ஊர்ப்பெயர்கள் எத்தனை இடங்களிலும் இருக்கலாம். ஒலி ஒற்றுமை தேடலைத் தொடங்கி வைக்கலாம். அதனைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது.

இன்றும் நம்மிடையே இவ்வழி மறையவில்லை. மலாய் ஊர்ப்பெயர் ஒன்றைக் கேட்டவுடன் அதனைத் தமிழ்ச்சொல்லாகப் பிரித்துப் பொருள் கூறி மகிழ்கிறோம். பூஜாங் என்ற பெயரை புஜங்கம் என்ற சொல்லோடு இணைத்துப் பேசாத மேடை இல்லை. மேடையில் அது கைதட்டலைப் பெறும். ஆய்வேட்டில் அதற்கு மேலும் சான்று வேண்டும்.

2. ஒன்றையொன்று அறியாத சான்றுகளை ஒப்பிட்ட வழி

1918ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செடேஸ் ஸ்ரீவிசய அரசைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தென்கிழக்காசிய வரலாற்றையே மாற்றி எழுதிய கட்டுரை அது. பங்கா தீவில் கிடைத்த 686ஆம் ஆண்டின் கோத்தா காப்பூர் கல்வெட்டில் ஸ்ரீவிசயம் என்ற சொல் வருகிறது. 1913இல் அதனை ஆராய்ந்த கெர்ன், அச்சொல்லை ஓர் அரசனின் பெயர் என்று கொண்டிருந்தார். செடேஸ் அது ஒரு நாட்டின் பெயர் என்று காட்டினார். அந்நாட்டின் தலைமையிடம் சுமத்திராவின் பாலெம்பாங் என்றும் நிறுவினார்.

புதிய கல்வெட்டு எதையும் கண்டெடுக்காமலே அவர் இதனைச் செய்தார். முன்பே அறியப்பட்ட சான்றுகளை அருகருகே வைத்தார். சோழர் செப்பேடு ஒருபுறம், சீனர் குறிப்புகள் மறுபுறம், மலாய்த் தீவுகளின் கல்வெட்டுகள் இன்னொருபுறம்.

ஆனைமங்கலச் செப்பேடுகளை எடுத்துக்கொள்வோம். நெடுங்காலம் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தமையால் இவை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. பெரிய தொகுதியில் 21 ஏடுகள் உள்ளன; 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தனது 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கியதை அவை பதிவு செய்கின்றன. சூளாமணிவர்மன் பெயரால் அமைந்த அந்த விகாரத்தை அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் நிறைவு செய்தான். தமிழ்ப் பகுதி தந்தையைக் கிடாரத்து அரசன் என்கிறது. வடமொழிப் பகுதியோ மகனை ஸ்ரீவிசயத்தின் தலைவன் என்றும் கடாகத்தின் ஆட்சியை உடையவன் என்றும் குறிக்கிறது.

இப்பொழுது சீனத்தின் சோங் அரச மரபு வரலாற்றைப் பார்ப்போம். சான்ஃபோச்சி என்ற நாட்டிலிருந்து 1003இல் வந்த தூதுக்குழு ஓர் அரசனின் பெயரைக் கூறிற்று; 1008இல் வந்த தூதுக்குழு வேறோர் அரசனின் பெயரைக் கூறிற்று. சீன எழுத்தொலியில் சிதைந்திருந்தாலும், முதற்பெயர் சூளாமணிவர்மனுடையது, இரண்டாம் பெயர் மாறவிசயனுடையது என்பது தெளிவாகத் தெரிகிறது. நாகப்பட்டினத்துச் செப்பேட்டை எழுதியவன் சீன அரண்மனை எழுத்தனை அறியான். அவனும் இவனை அறியான். இருவரும் ஒரே தந்தையையும் மகனையும் ஒரே காலத்தில் குறிப்பிடுகின்றனர். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரு சான்றுகள் ஒத்துப்போவதே வரலாற்றில் நாம் பெறக்கூடிய வலுவான உறுதி.

கடாரம் கெடாவே என்ற இன்றைய பொதுக் கருத்தும் இத்தகைய ஒப்பீட்டாலேயே வலுப்பெற்றது. 671இல் கந்தோன் துறையிலிருந்து புறப்பட்ட சீனத் துறவி யீச்சிங், ஸ்ரீவிசயத்திலும் மலாயுவிலும் தங்கிய பின் சியேச்சா என்ற துறையை அடைந்து அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார். வடக்கு நோக்கி வங்கக்கடலைக் கடக்கும் கப்பலுக்கு அத்துறை எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதைப் பயணவழியே சொல்லிவிடுகிறது. பட்டினப்பாலை கூறும் காழகம் என்ற சொல்லுக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்று பொருள் கொண்டதை நாம் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். ஆனால் உரையாசிரியர் பாட்டுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். அவ்வுரை அவர் காலத்துத் தமிழர் கடாரத்தை அறிந்திருந்தனர் என்பதற்கு உறுதியான சான்று. பாட்டின் காலத்துக்கும் அது பொருந்துமா என்பதைத் தனியே நிறுவ வேண்டும். ஒரு சான்று எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறது, எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று பிரித்தறிதல் இவ்வணுகுமுறையின் முதற்பாடம்.

3. மண்ணை விசாரித்த வழி

குனோங் ஜெராய் மலையின் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் செங்கல், கல் அடித்தளங்கள் பல புதைந்து கிடந்தன. 1830களிலேயே ஜேம்ஸ் லோ இப்பகுதியின் பழம்பொருள்களைக் கவனித்து எழுதலானார். இரத்தமிருத்திகை என்ற ஊரைச் சேர்ந்த மாநாவிகன் புத்தகுப்தனின் கல்வெட்டை செபராங் பிறையில் 1834இல் கண்டவரும் அவரே. 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் அக்கல்வெட்டின் ஊர் வங்காளத்தில் இருந்ததாக அறிஞர் கொள்வர். கெடாவுக்கு வந்தவர் தமிழர் மட்டும் அல்லர் என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது.

1930களின் பிற்பாதியில் குவாரிட்ச் வேல்ஸும் அவர் துணைவியாரும் ஏறத்தாழ 30 இடங்களை ஆராய்ந்தனர். 1940இல் அறிக்கை வெளிவந்தது. மலாயாவில் பண்டைய இந்தியக் குடியேற்றம் பற்றிய தொல்லியல் ஆய்வு என்பதே அதன் தலைப்பு! மண்ணைத் தோண்டுமுன்பே விடை தலைப்பில் அமர்ந்துவிட்டது. கிடைத்த பொருள்கள் எல்லாம் இந்தியாவிலிருந்து அலை அலையாக வந்த குடியேற்றத்தின் தடயங்களாகவே விளக்கப்பட்டன. உள்ளூர் மக்கள் என்ன செய்தனர் என்ற வினா எழவே இல்லை.

1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்டைர் லேம்ப் புக்கிட் பத்து பஹாட் சண்டியை அகழ்ந்து மீண்டும் எழுப்பினார். பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் துண்டுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் பெருமளவில் கிடைத்தன. அவை பேசியது குடியேற்றத்தைப் பற்றியன்று, வணிகத்தைப் பற்றி. பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சுங்கை பத்துவில் 2009 முதல் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய தளங்களும், உலைக்குக் காற்றுச் செலுத்தும் களிமண் குழாய்களும், ஆற்றோரச் செங்கல் கட்டுமானங்களும் வெளிப்பட்டன. கி.மு. காலம் வரை செல்லும் கணிப்புகள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் மீது அறிஞரிடையே விவாதமும் உண்டு. எனினும் ஒன்று தெளிவாயிற்று: கடாரம் கப்பல்கள் ஒதுங்கிய கரை மட்டும் அன்று, பொருள் படைத்த நிலமும் ஆகும். 2023இல் புக்கிட் சோராஸில் சுதைச் சிலைகள் வெளிப்பட்டன. மண் இன்னும் பேசி முடிக்கவில்லை.

ஆனால் மண்ணால் எல்லாவற்றையும் பேச முடியாது. இரும்புக் கசடு அரசனின் பெயரைச் சொல்லாது. பீங்கான் துண்டு 1025இல் நடந்த போரைச் சொல்லாது. இராசேந்திரனின் கல்வெட்டு எதுவும் கெடாவில் இதுவரை கண்டெடுக்கப்படவில்லை. 1025 என்ற ஆண்டுகூட எந்தக் கல்லிலும் அவ்வாறே பொறிக்கப்படவில்லை. இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டு முதல் இவ்வெற்றியின் விரிவான செய்தி மெய்க்கீர்த்தியில் இடம்பெறுவதைக் கொண்டு அறிஞர் கணித்த ஆண்டு அது.

4. வினாவையே மாற்றிய வழி

கடாரம் எங்கே என்ற வினாவுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்த பின், சோழன் ஏன் அங்கே சென்றான் என்ற வினா எழுந்தது. இவ்வினாவுக்கு இடப்பெயர் ஆய்வு உதவாது. 1983இல் வெளிவந்த தமது நூலில் ஜார்ஜ் ஸ்பென்சர், சோழரின் படையெடுப்புகளைச் செல்வம் கவரும் அரசியலோடு இணைத்து விளக்கினார். சீனத்தோடு நடந்த கடல் வணிகத்தின் போட்டியே காரணம் என்று பிறர் கண்டனர். 2009இல் சிங்கப்பூரில் வெளிவந்த, நாகப்பட்டினம் முதல் சுவர்ணத்துவீபம் வரை என்ற பொருளில் தலைப்பிடப்பட்ட ஆங்கிலத் தொகுப்பு நூல் இவ்விளக்கங்களை ஒருங்கே வைத்து ஆராய்ந்தது.

வணிகக் குழுக்களின் கல்வெட்டுகள் இவ்வினாவுக்குப் புதிய வெளிச்சம் தந்தன. தாய்லாந்தின் தக்குவா பாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்தாரைக் குறிப்பிடுகிறது. சுமத்திராவின் பாரூஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவரைக் குறிப்பிடுகிறது. படை வருமுன்பே வணிகர் வந்திருந்தனர். படை திரும்பிய பின்னும் வணிகர் இருந்தனர்.

5. அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

இவ்வளவையும் கேட்ட ஆசிரியை, "எல்லா வழிகளையும் சேர்த்துக்கொள்கிறேன், ஐயா" என்றார். அதுவும் ஆபத்தே. முதுகலை ஆய்வேட்டுக்கு உரிய காலமும் பக்கமும் அளவுக்கு உட்பட்டவை. அவரிடம் நான் நான்கு வினாக்களைக் கேட்டேன். ஆய்வில் இறங்கும் எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத் தக்கவை அவை.

முதலாவது, தலைப்பிலேயே விடை ஒளிந்திருக்கிறதா? 'கடாரத்தில் சோழர் ஆட்சி' என்று எழுதியதும், ஆட்சி நடந்தது என்ற முடிவு அங்கே வந்துவிட்டது. மெய்க்கீர்த்தி கூறுவது அரசனைப் பிடித்ததையும் செல்வம் கவர்ந்ததையும். ஏறக்குறைய 1068இல் வீரராசேந்திரன், கடாரத்தை வென்று அதன் அரசனுக்கே திருப்பித் தந்ததாகத் தன் கல்வெட்டில் கூறிக்கொள்கிறான். ஆளுநரை அமர்த்தியதாகவோ வரி தண்டியதாகவோ அச்சான்றுகள் கூறவில்லை. குவாரிட்ச் வேல்ஸ் செய்த பிழையை நாம் வேறு திசையிலிருந்து செய்கிறோம்; அவ்வளவே வேறுபாடு.

இரண்டாவது, வினாவுக்கு உரிய சான்று எது? போரின் விளைவை அறிய வேண்டுமா, வணிகத்தை அறிய வேண்டுமா, மக்கள் வாழ்வை அறிய வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் சான்று வேறு.

மூன்றாவது, அச்சான்றை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார்? மெய்க்கீர்த்தி அரசனைப் புகழ எழுந்தது. செப்பேடு உரிமையை நிலைநாட்ட எழுந்தது. ஹிக்காயாட் மெரோங் மஹாவங்சா கெடா அரச குலத்தின் தோற்றத்தைப் பெருமைப்படுத்த எழுந்தது. மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது.

நான்காவது, அச்சான்றை விசாரிக்கும் தகுதியும் வாய்ப்பும் நமக்கு உண்டா? அகழாய்வு ஒரு தனி மனிதரின் பணியன்று. அதற்குப் பயிற்சியும் குழுவும் அனுமதியும் வேண்டும். சீன மூலத்தைப் படிக்க இயலாதவர் மொழிபெயர்ப்பையே நம்ப வேண்டியிருக்கும். ஆனால் தமிழ்க் கல்வெட்டையும் செப்பேட்டையும் மூலத்திலேயே படிக்கும் திறன் தமிழாசிரியருக்கு உண்டு. அது பிறருக்கு எளிதில் வாய்க்காத கருவி. கையில் உள்ள கருவியை விட்டுவிட்டுக் கையில் இல்லாத கருவிக்கு ஏங்குவானேன்?

நீண்ட நேரம் பேசாதிருந்தவர், தலைப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். 1006 முதல் 1090 வரையிலான சோழர் ஆவணங்கள் கடாரத்து அரசரை எவ்வாறு குறிப்பிடுகின்றன என்பதே புதிய வினா. 1006இல் அவன் விகாரத்திற்கு ஊர் வழங்கப் பெற்ற நட்பரசன். இராசேந்திரன் காலத்தில் சிறைப்பட்ட பகைவன். வீரராசேந்திரன் காலத்தில் நாட்டைத் திரும்பப் பெற்றவன். 1090இல், முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய லெய்டன் செப்பேட்டில், தூதரை அனுப்பி விகாரத்தின் உரிமைகளைப் பதிவு செய்து தருமாறு வேண்டுபவன். 84 ஆண்டுகளில் ஓர் உறவு எவ்வளவு திரும்பியிருக்கிறது! ஆவணங்களை ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் நோக்கத்தையும் எடைபோட்டு எழுதுவதே அவரது அணுகுமுறை. பண்புசார் ஆய்வு என்ற பெயர் அதற்குத் தானே வந்து சேரும். பெயரிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

நிறைவாக ஒன்று. இது பட்டம் பெறுவதற்கான நுணுக்கம் மட்டும் அன்று. 2013ஆம் ஆண்டின் இறுதியில், பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது நாம் எல்லோரும் கொதித்தோம். இடிந்த சான்று திரும்பி வராது. ஆனால் இடியாமல் நிற்கும் சான்றையும் தவறாகப் பயன்படுத்தினால் அதுவும் மெல்ல மெல்ல இழக்கப்படும். நாம் மிகைப்படுத்திச் சொல்லும் ஒவ்வொரு வரியும், நாம் சரியாகச் சொல்லும் பத்து வரிகளை நம்பாதிருக்கப் பிறருக்குக் காரணம் தருகிறது. நம் மாணவன் நாளை ஒரு பல்லினக் கருத்தரங்கில் எழுந்து நின்று கடாரத்தைப் பற்றிப் பேசும்போது, "இதற்குச் சான்று என்ன?" என்று ஒருவர் கேட்பார். அவன் தலைகுனியாமல் விடையளிக்க வேண்டும். அதற்கான பயிற்சி நம் வகுப்பறையில்தான் தொடங்குகிறது.

ஆசிரியையின் முன்மொழிவு மூன்றாம் முறை திரும்பி வந்தது. இம்முறை ஓரத்தில், 'தொடரலாம்' என்று எழுதப்பட்டிருந்தது.